வண்ணத்திற்கு அப்பால்: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) – ஒரு மறுமதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

1956ஆம் ஆண்டு பொங்கல் நாளில் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்றே திரைப்பட வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அந்த அடையாளம் உண்மையானது. ஆனால் படத்தைப் பற்றிய வேறு பேச்சுக்கு அது இடம் விடவில்லை. உலகத் திரையில் நெடுங்காலமாகத் தொடரும் அலிபாபாப் படவரிசையில் ஓர் உறுப்பாக இப்படத்தை வைத்து, அதே வரிசையில் வந்த ஓர் அசைவூட்டப் படத்தோடும், மாடர்ன் தியேட்டர்ஸின் பிற ஆக்கங்களோடும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. இன்று எஞ்சியிருக்கும் படிகள் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகா என்னும் வினாவும் இதில் எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம், அலிபாபா, கெவாகலர், தழுவல், சேலம் மாவட்டம்.

முன்னுரை

‘முதல்’ என்னும் சொல் திரைப்பட வரலாற்றில் விசித்திரமான வேலையைச் செய்கிறது. அது ஒரு படத்தை மறக்கவிடாமல் காக்கிறது. அதே வேளையில் அப்படத்தைப் பார்க்கவும் விடாமல் செய்துவிடுகிறது. முதல் பேசும்படம், முதல் இரட்டை வேடம், முதல் வண்ணப்படம் என்ற பட்டியல்கள் போட்டித்தேர்வுக் கையேடுகள் வரை வந்து சேர்ந்துவிட்டன. பட்டியலில் ஏறிய படங்கள் குறித்து அதற்குமேல் எவரும் கேள்வி கேட்பதில்லை. சேலத்தில் உருவான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அத்தகைய படங்களுள் தலையாயது.

இந்த ‘முதல்’கூடச் சற்று விளக்கம் வேண்டுவது. வண்ணம் தமிழ்த்திரைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் கையால் நிறம் தீட்டும் வழக்கம் முன்பே இருந்தது. ‘கணவனே கண் கண்ட தெய்வம்’ (1955) சில பகுதிகளை மட்டும் கெவாகலரில் கொண்டிருந்தது. அலிபாபாவுக்குப் பின்னும், 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ ஒரு பகுதியே வண்ணமாக அமைந்த படம். எனவே 1956 என்பது கறுப்பு வெள்ளை முடிந்து வண்ணம் தொடங்கிய எல்லைக்கோடு அன்று. பெருஞ்செலவில் ஒரு நிறுவனம் முழுப்படத்தையும் வண்ணத்தில் எடுத்துப் பார்த்த துணிவு என்றே அதைக் கொள்ளவேண்டும். அந்தத் துணிவுக்கு ஏன் அலிபாபாக் கதை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

உரிமையாளர் இல்லாத தொடர்

ஒரே கதைமாந்தரைக் கொண்டு பல்லாண்டுகள் படங்கள் எடுக்கும் வழக்கத்தில் பொதுவாக ஓர் உரிமையாளர் இருப்பார். அலிபாபாவுக்கு அப்படி எவரும் இல்லை. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பின் பழைய அரபுச் சுவடிகளில் இக்கதை காணப்படவில்லை. அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் என்னும் மரோனியக் கிறித்தவர் 1709இல் பாரிஸில் சொன்ன கதைகளுள் இதுவும் ஒன்று. கேட்டு எழுதியவர் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலான். 1704 முதல் 1717 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவரது பதிப்பின் பிற்பகுதியில் இது இடம்பெற்றது. பாக்தாத்தின் பழங்கதை என்று நாம் நம்பும் ஒன்று, பாரிஸில் வாய்மொழியாகப் பிறந்து அச்சேறியது என்பது இன்று ஆய்வாளர் ஏற்ற செய்தி.

அச்சிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து திரைக்கும் கதை எளிதாக நகர்ந்தது. 1916இல் லண்டனில் தொடங்கி ஐந்தாண்டு காலம் ஓடிய ‘சூ சின் சௌ’ என்னும் இசை நாடகம் இக்கதையின் மாற்று வடிவமே. 1934இல் அது திரைப்படமாயிற்று. வங்கத்தில் க்ஷீரோத பிரசாத் வித்யாவினோத் எழுதிய ‘அலிபாபா’ நாடகம் 1937இல் மது போஸ் இயக்கத்தில் படமானது. மெஹபூப் கானின் ‘அலிபாபா’ 1940இல் வந்தது. தமிழில் 1941இலேயே என்.எஸ்.கிருஷ்ணன் இக்கதையைப் படமாக்கி, டி.ஏ.மதுரத்தோடு நடித்தார். ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் 1944இல் டெக்னிகலரில் எடுத்தது. ஹோமி வாடியாவின் இந்திப் படம் 1954இல் வெளிவந்தது. சேலத்துப் படம் அதனை அடியொற்றியது.

இந்த வரிசையில் சேலத்துப் படத்தோடு ஒப்பிடத்தக்க ஓர் அசைவூட்டப் படம் உண்டு. ஃபிளைஷர் நிறுவனம் 1937இல் வெளியிட்ட, பதினேழு நிமிட அளவிலான ‘பாப்பாய்’ குறும்படம் அது. 1929இல் செய்தித்தாள் சித்திரக்கதையில் தோன்றி, 1933 முதல் திரையில் தொடர்ந்து வந்த மாலுமிப் பாத்திரமே பாப்பாய். அவனது மற்றப் படங்கள் கறுப்பு வெள்ளையில் வந்துகொண்டிருந்தபோது, சிந்துபாத் (1936), அலிபாபா (1937), அலாவுதீன் (1939) ஆகிய மூன்று அரபுக்கதைப் படங்களை மட்டும் அந்நிறுவனம் டெக்னிகலரில் எடுத்தது. அசைவூட்டப் படங்களில் மூவண்ண டெக்னிகலர் முறையைப் பயன்படுத்த டிஸ்னி பெற்றிருந்த தனியுரிமை 1935இல் முடிவுற்றதால் பிறருக்கும் அந்த வாய்ப்புத் திறந்திருந்தது. வண்ணம் கைக்கு வந்தவுடன் அரபுக்கதையை நாடவேண்டும் என்ற எண்ணம் அமெரிக்க அசைவூட்டக் கலைஞர்களுக்கும், பத்தொன்பது ஆண்டுகள் கழித்துச் சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்திற்கும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கிறது. இது தற்செயல் அன்று. பொன்னும் மணியும் குவிந்த குகை ஒன்றைக் கதையே தருகிறது. வண்ணத்திற்குச் செலவிட்ட காசு பார்வையாளரின் கண்ணில் படவேண்டிய இடத்தையும் கதையே ஒதுக்கிக் கொடுக்கிறது. ஃபிளைஷர் கலைஞர்கள் சிறிய அளவில் முப்பரிமாண அரங்குகளைக் கட்டி, சுழலும் மேடையில் வைத்து, அவற்றின் முன் ஓவியத் தாள்களை நிறுத்திப் படம்பிடித்தனர். ஓவியப் படத்திலும் குகைக்கு ‘கட்டப்பட்ட’ ஆழம் தேவைப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

திருடர் தலைவனின் பெயரும் இந்தத் தொடர்ச்சிக்கு ஒரு தடயம். கலானின் கதையில் தலைவனுக்கு இயற்பெயர் இல்லை. வணிக வேடத்தில் வரும்போது மட்டும் கோஜா உசேன் என்ற புனைபெயரைச் சூடிக்கொள்கிறான். லண்டன் நாடகத்தில் அவன் அபு ஹசன். பாப்பாய் படத்திலும் அபு ஹசன். சேலத்தில் பி.எஸ்.வீரப்பா ஏற்ற பாத்திரம் அபு உசேன். மேடை தந்த ‘அபு’வும் நூல் தந்த ‘உசேனும்’ ஒரு தமிழ்ப் பாத்திரத்தின் பெயரில் வந்து கூடியிருக்கின்றன என்பது என் கருத்து. ‘இந்திப்படத்தின் தழுவல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் நமது நூல்கள், தழுவல் என்பது எத்தனை கைகள் மாறி வருவது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம்

டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டில் 1907இல் பிறந்தவர். அவ்வூர் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997 வரை சேலம் மாவட்டமே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். நூலும் தறியும் நிறைந்த வட்டாரத்திலிருந்து நெசவு படிக்கப் போனவர் படத்தொழிலுக்கு வந்தது தடம்மாற்றம் போலத் தோன்றலாம். ஆனால் அவர் நடத்திய படப்பிடிப்புக் கூடத்தை நோக்கினால், ஆலை நடத்தும் மனப்பாங்கு அங்கே தொடர்ந்ததைக் காணலாம். சேலத்தின் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்கேற்றுத் தொழில் கற்றபின், ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். முதற்படம் ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்து வெளியானது. எழுத்தாளர், இசையமைப்பாளர், அரங்க அமைப்பாளர், படத்தொகுப்பாளர் எனப் பலரும் ஒரே வளாகத்தில் இருந்து பணியாற்ற, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின.

தழுவல் அங்கு ஒளித்துச் செய்யப்படும் வேலையாக இருக்கவில்லை. நிறுவனத்தின் வழக்கமான உற்பத்தி முறையாகவே இருந்தது. பி.யு.சின்னப்பா இரட்டை வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ (1940), ‘இரும்பு முகமூடி மனிதன்’ என்னும் ஹாலிவுட் படத்தின் வழிவந்தது. ‘மனோன்மணி’ (1942) பெ.சுந்தரம் பிள்ளையின் நாடகம். ‘திகம்பர சாமியார்’ (1950) வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினம். ‘பொன்முடி’ (1950) பாரதிதாசனின் காப்பியம். ‘மந்திரி குமாரி’ (1950) குண்டலகேசிக் கதையைக் கலைஞர் மு.கருணாநிதி நாடகமாக்கியதன் திரைவடிவம். ஐம்பெருங்காப்பியம், துப்பறியும் புதினம், அயல்நாட்டுப் படம் ஆகிய மூன்றையும் ஏற்றத்தாழ்வின்றி ஒரே தறியில் ஏற்றிய இந்த முறையைத் தமிழ்த் திரையாய்வு இன்னும் தீர ஆராயவில்லை. திராவிட இயக்க உரையாடலின் தொடக்கம் என்ற அளவில் ‘மந்திரி குமாரி’ மட்டும் தனியாக எடுத்துப் பேசப்படுகிறது. அது வந்த அதே ஆண்டில் அதே கூடத்திலிருந்து வந்த மற்றப் படங்கள் அதனருகில் வைத்துப் பார்க்கப்படுவதில்லை.

நல்ல திருடனும் நாமக்கல்லும்

அலிபாபாவின் நாயகனும் நாயகியும் எம்.ஜி.ஆரும் பானுமதியும். இந்த இணையை இரண்டாண்டுகளுக்கு முன் பெரும்புகழ் பெறச் செய்த படம் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ‘மலைக்கள்ளன்’ (1954). அதன் மூலப் புதினத்தை எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை. கொள்ளைப் பொருளை எளியோர்க்கு ஈயும் மலைவாழ் நாயகன் அக்கதையின் மையம். ஆகவே 1956இல் சேலத்துப் படத்தைக் காண வந்தவர்கள், மறைவிடம், கள்ளச் செல்வம், அதை ஏழைக்குப் பகிரும் நாயகன் ஆகிய மூன்றையும் முன்பே அறிந்தவர்கள்.

கலானின் அலிபாபா இத்தகையவன் அல்லன். அவன் எச்சரிக்கையான மனிதன். குகையைக் கண்டதை மறைத்துவைத்து, தேவைக்கேற்ப எடுத்து, மகனுக்கு மட்டும் சொல்லிச் செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கிறான். அவனிடம் கொடை பற்றிய கனவு எதுவும் இல்லை. தமிழ்ப்படத்தின் அலிபாபா செல்வம் வந்ததும் ஊருக்கு உதவுகிறான். எம்.ஜி.ஆரின் வள்ளல் உருவம் 1956இல் திரண்டுகொண்டிருந்தது என்பதையும், அதே ஆண்டில் ‘மதுரை வீரன்’, ‘தாய்க்குப்பின் தாரம்’ ஆகியவை வந்தன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். இந்த மாற்றத்தை நடிகரின் செல்வாக்குக்கு மட்டுமே உரியதாக்குவது போதாது. திருடனிடமிருந்து எடுத்த பொருள் யாருக்குரியது என்னும் கேள்விக்கு ‘மலைக்கள்ளன்’ முன்பே ஒரு விடை தந்திருந்தது. மோகனூரில் பிறந்த கவிஞரின் புதினம் தந்த விடை, திருச்செங்கோட்டில் பிறந்தவர் எடுத்த பாக்தாத் கதைக்குள் நுழைந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

பேராசைக்காரத் தமையன் காசிமாக நடித்தவர் எம்.ஜி.சக்ரபாணி, எம்.ஜி.ஆரின் உடன்பிறந்த தமையன். இதை அறிந்திருந்த பார்வையாளருக்குச் சொத்துத் தகராறுக் காட்சிகள் தனிச்சுவை தந்திருக்கும்.

‘சீசேம்’ என்னும் சொல்

இன்று படத்தைப் பார்த்திராதவர்களும் அறிந்தது குகையைத் திறக்கும் மந்திரம். அந்த மந்திரம் மூன்று துண்டுகளால் ஆனது. முதலிரண்டும் இந்துஸ்தானி நடையில் அமைந்தவை: ஒன்றில் ‘கசம்’ (ஆணையிட்டுச் சொல்லுதல்), மற்றதில் ‘ஹுகும்’ (கட்டளை). மூன்றாவது, ‘திறந்திடு சீசேம்’, தமிழ் வினையும் ஐரோப்பியப் பெயரும் சேர்ந்தது. கலானின் பிரெஞ்சில் இச்சொல் எள்ளைக் குறிக்கும். அரபியில் ‘சிம்சிம்’, இந்தி வழக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மூலக்கதையில் காசிம் குகைக்குள் அகப்பட்டு, எள்ளை மறந்து வேறு தானியங்களின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறான். சொல் ஒரு தானியத்தின் பெயர் என்றால்தான் அக்காட்சிக்குப் பொருள் உண்டு. பாப்பாய் படத்திலோ அதே சொல் ‘நான் சொல்கிறேன், திற’ என்று ஒலிக்கும் ஆங்கிலச் சிலேடையாகிறது.

எள் விளையும் நிலம் சேலமும் நாமக்கல்லும். செக்கும் நல்லெண்ணெயும் இவ்வட்டாரத்தின் அன்றாடம். ‘எள்ளே திற’ என்று எழுதியிருந்தால் எவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அரங்கம் சிரித்திருக்கும். புரியாமல் இருந்ததாலேயே ‘சீசேம்’ மந்திரமாயிற்று. மொழிபெயர்க்காமல் விட்டது இங்கே சோம்பல் அன்று, நல்ல தேர்வு.

இதைவிட நுட்பமானது இரண்டாம் துண்டு. கலானின் கதையில் சொல்லை அறிந்த எவருக்கும் குகை திறக்கும். அச்சொல்லில் உரிமையாளர் பெயர் இல்லை. தமிழ்ப்பட மந்திரத்தில் ‘அபு’வின் ஆணை என்ற பகுதி உண்டு. அதாவது, விறகுவெட்டி குகைக்குள் நுழையவேண்டுமானால் திருடர் தலைவனின் பெயரால்தான் ஆணையிடவேண்டும். செல்வத்தின் கதவு அதன் அதிபதியின் பெயருக்கு மட்டுமே பணிகிறது. இது திட்டமிட்டு எழுதப்பட்டதா, ஓசை கருதி அமைந்ததா என்பது வேறு. படம் சொல்லும் கதைக்கு அது பொருந்திவிடுகிறது.

மார்ஜியானா

மூலக்கதையின் உண்மையான செயல்வீரர் அலிபாபா அல்லர், அடிமைப்பெண் மார்ஜியானா. கதவுகளில் குறியிட்டு எதிரியைக் குழப்புகிறவள் அவள். கொதிக்கும் எண்ணெயைச் சாடிகளில் ஊற்றித் திருடர்களைக் கொல்கிறவள் அவள். ஆட்டத்தின் நடுவே கத்தியால் தலைவனைக் குத்தி வீழ்த்துபவளும் அவளே. அதற்குப் பரிசாக விடுதலையும் அலிபாபாவின் குடும்பத்தில் மணவாழ்வும் பெறுகிறாள்.

படத்தில் அவள் ஆடல்மகள், நாயகனின் காதலி. எண்ணெய் வணிகனாக வந்தவன் யார் என்பதை முதலில் உணர்பவள் இங்கும் அவளே. ஆனால் தலைவனோடு பொருதி வெல்லும் செயல் நாயகனுக்கு மாற்றப்பட்டுவிட்டது. நட்சத்திர நாயகனைக் கொண்ட படத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே. இழப்பு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் பானுமதியின் இருப்பு அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. தம் பாடல்களைத் தாமே பாடிய நடிகை அவர். பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும் மற்றவர்களிடையே, உடலும் குரலும் ஒன்றாக இருப்பவர். அவர் நாயகனைப் பார்த்துப் பேசும் முறையில் பணிவு குறைவு, கேலி மிகுதி. காட்சியின் வேகத்தைப் பல இடங்களில் அவரே தீர்மானிக்கிறார். கதையமைப்பு எடுத்துக்கொண்டதை நடிப்பு திரும்பப் பெற முயல்வதை இப்படத்தில் காணமுடிகிறது. சிறு பங்காக வரும் வஹீதா ரஹ்மானின் நடனத்திற்குக் கிடைத்துள்ள கவனத்தில் பாதிகூடப் பானுமதியின் இந்தப் பங்களிப்புக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு குறையும் சொல்லத்தக்கது. இசுலாமியத் தமிழில் கிஸ்ஸா, மசலா, படைப்போர் என அரபு, பாரசீகக் கதைமரபை உள்வாங்கிய வகைகள் நெடுங்காலம் இருந்தன. படத்தின் பாக்தாத்துக்கு அவற்றோடு தொடர்பில்லை. அது நாடக மேடையும் பம்பாய்ப் படங்களும் தந்த பாக்தாத். 1955இன் ‘குலேபகாவலி’, 1960இன் ‘பாக்தாத் திருடன்’ ஆகியவற்றிலும் அதே நகரம்தான் திரும்ப வருகிறது.

மங்கிய சான்று

இனி வண்ணத்திற்கு வருவோம். கெவாகலர், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் அருகே இயங்கிய கெவர்ட் நிறுவனத்தின் படச்சுருள். ஒற்றைச் சுருளிலேயே மூன்று நிற அடுக்குகளும் அமைந்திருந்ததால், டெக்னிகலர் போலத் தனிப்பட்ட பெரிய ஒளிப்படக்கருவி தேவைப்படவில்லை. வழக்கமான கருவியே போதும். இந்தியத் தயாரிப்பாளருக்கு வண்ணம் எட்டியது இதனால்தான். இந்தியாவில் அதைப் பதனிடுவதற்குப் பெயர்பெற்றிருந்தது பம்பாயின் பிலிம் சென்டர். ஆனால் அக்கால வண்ணச் சுருள்கள் ஒளியை மெதுவாகவே ஏற்பவை. கறுப்பு வெள்ளைக்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு விளக்கு வேண்டும். விளக்கு மிகுந்தால் வெப்பம் மிகும், ஒப்பனை உருகும், நடிகர் நகரும் எல்லையும் குறுகும். படத்தில் பல காட்சிகள் மேடைபோல நேர்முகமாக, கருவி அதிகம் அசையாமல் அமைந்திருப்பதைப் ‘பழைய பாணி’ என்று குறைகூறுவோர் இந்த நெருக்கடியை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்தவகைச் சுருளின் சாயங்கள் நிலையானவை அல்ல. காலப்போக்கில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்க, படி முழுவதும் செம்மை படரும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) கெவாகலரில் எடுக்கப்பட்டாலும் லண்டனில் டெக்னிகலர் முறையில் படியெடுக்கப்பட்டது. அம்முறையின் சாயங்கள் நெடுநாள் நிற்பவை. தொலைக்காட்சி, குறுந்தகடு, இணையம் ஆகியவற்றின் வழியாக அலிபாபா நமக்கு வந்துசேர்ந்திருப்பதோ பலமுறை மாற்றிப் படியெடுக்கப்பட்ட நிலையில். புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தோன்றியது 1964இல். படம் வந்து எட்டாண்டுகளுக்குப் பின். டி.ஆர்.சுந்தரம் 1963இல் மறைந்தார். பிற்காலத்தில் கூடமும் மூடப்பட்டது, வளாகம் குடியிருப்பானது, ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. எந்தப் பண்புக்காக இப்படம் நினைக்கப்படுகிறதோ, அந்தப் பண்பைப் பற்றித்தான் இன்றுள்ள படி மிகக் குறைவாகச் சான்று சொல்லும். 1956இல் திரையரங்கில் இருந்தவர் கண்ட சிவப்பு எது, பொன்னிறம் எது என்பதை நம்முன் உள்ள பிம்பத்தைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. ‘கண்ணைப் பறிக்கும் வண்ணம்’ என்றும் ‘வெளிறிய வண்ணம்’ என்றும் எழுதும் இருதரப்பாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை; படியெடுத்தவர்களின் வேலையைப் பற்றியே பேசுகின்றனர். மாறாக, உரையாடலின் அமைப்பு, நடிகரின் நிலை, அரங்கின் ஆழம், மார்ஜியானாவின் குரல் ஆகியவற்றுக்கு இப்படி இன்றும் நம்பத்தக்க சான்று.

வண்ணத்தைப் பற்றிய உறுதியான செய்தி ஒன்றை வேறிடத்தில் தேடலாம் என்று தோன்றுகிறது. அலிபாபாவுக்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1961இல், டி.ஆர்.சுந்தரமே மலையாளத்தின் முதல் வண்ணப்படத்தையும் இயக்கினார்: ‘கண்டம் பெச்ச கோட்டு’. ஒட்டுப்போட்ட கோட்டு என்பது பெயரின் பொருள். அதில் குகையும் இல்லை, மணிக்குவியலும் இல்லை. செருப்புத் தைத்துப் பிழைக்கும் முதியவர் ஒருவர் ஹஜ் பயணத்திற்கென்று காசு காசாகச் சேர்த்துத் தம் கோட்டின் ஒட்டுகளுக்குள் வைத்திருக்கிறார்; பின்பு பிறர் துயர் தீர்க்க அதைக் கொடுத்துவிடுகிறார். வண்ணம் என்றால் அரபுக்கதைதான் என்று 1956இல் கணக்கிட்ட அதே மனிதர், 1961இல் மலபார் முசுலிம் குடும்பம் ஒன்றின் வறுமையை வண்ணத்தில் எடுக்க முன்வந்திருக்கிறார். இரண்டும் தத்தம் மொழியின் ‘முதல் வண்ணப்படம்’ என்று வெவ்வேறு பட்டியல்களில் கிடப்பதால், ஒளித்துவைத்த செல்வம் பற்றிய இவ்விரு படங்களையும் எவரும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில்லை.